ஒரு பவுன் ஏன் எட்டு கிராம்?

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், ஆயா தன் மரப்பெட்டியைத் திறந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். உள்ளே நான்கு தங்கக் காசுகள். ஒரு பக்கம் தாடி வைத்த ராஜா. மறுபக்கம் குதிரையில் இருந்தபடி பாம்பு மாதிரி எதையோ கொல்லும் வீரன். மூன்று காசுகளின் தலையில் வளையம் பற்றவைத்திருந்தது. ஆயாவின் மாமியார் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாராம். நான்காவது மட்டும் முழுசாக, 1912 என்று வருடத்தோடு இருந்தது.

"உருக்கி நெக்லஸ் பண்ணிடலாம்" என்றார் அப்பா. நான்தான் குறுக்கே விழுந்தேன். அன்று இரவு இன்டர்நெட்டில் தேடியபோது, அமெரிக்காவின் பழைய 20 டாலர் தங்கக் காசு ஒன்று 2021-ல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் போனதாகப் படித்திருந்தேன். "இதெல்லாம் உருக்குற காசு இல்லப்பா, கலெக்டர்ஸ் காசு" என்று பி.காம். படித்த மிதப்பில் அடித்துவிட்டேன். அப்பா ஒரு வாரம் தள்ளிப்போட்டார். மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்ட வேண்டிய வாரம் அது!

சொல்லிவிட்டோம், உண்மையா என்று பார்க்க வேண்டாமா? அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

பவுன் வந்த கதை

நாம் எல்லோரும் தங்கத்தை பவுனில்தான் பேசுகிறோம். "எத்தனை பவுன் போடுறாங்க?" என்று கேட்காத கல்யாண வீடு பாப்பிரெட்டிப்பட்டியில் கிடையாது. ஆனால் அது ஏன் எட்டு கிராம்? பத்து கிராம் என்று வைத்திருந்தால் கணக்குப் போட எவ்வளவு சுலபம்!

காரணம் இந்தக் காசுதான். பவுன் என்பது 'பவுண்ட்'. சவரன் என்பது 'சாவரின்'. இரண்டும் ஒரே காசின் இரண்டு பெயர்கள். இங்கிலாந்து 1817-ல் இருந்து அடித்த ஒரு பவுண்ட் மதிப்புள்ள தங்க நாணயம் அது. எடை 7.988 கிராம். நம் ஆட்கள் அதை எட்டாக்கிவிட்டார்கள். தங்கத்தின் தரம் 22 காரட், அதாவது ஆயிரத்துக்கு 916.67 பங்கு. இன்று நகைக்கடை போர்டில் பார்க்கும் '916' இதே கணக்குதான். சுத்தத் தங்கம் மட்டும் பார்த்தால் ஒரு காசில் 7.32 கிராம்.

அதற்கு முன்னால் நம் பக்கம் ஓடிய தங்கக் காசு வராகன். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. அப்போது ரீடும் மன்றோவும் (தர்மபுரியில் தங்கியிருந்த அதே மன்றோதான்) இந்தப் பகுதிக்கு நிலவரி போட்டதெல்லாம் வராகன் கணக்கில்தான். 1818-ல் மதராஸ் மாகாணத்தில் வெள்ளி ரூபாய் முக்கிய நாணயமானது. 100 நட்சத்திர வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதம் வைத்தார்கள். அதோடு தங்கக் காசு வரவு செலவிலிருந்து மெல்ல விலகியது.

மறுபடி தங்கம் சட்டபூர்வமாக உள்ளே வந்தது 1899-ல். ஒரு சாவரின் 15 ரூபாய் என்று சட்டம் போட்டு, இந்தியாவிலும் செல்லும் பணமாக்கினார்கள். லண்டனில் அடித்ததும் வந்தது, ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன், பெர்த் சாலைகளில் அடித்ததும் வந்தது. நாம் பருத்தியும் சணலும் தோலும் விற்றோம், அதற்கு ஈடாகக் காசு வந்தது.

வந்த காசு கைமாறிக்கொண்டே இருக்கும் என்று அரசாங்கம் எதிர்பார்த்திருக்கும். நம் ஊரில் நடந்தது வேறு. வெள்ளி ரூபாயைச் செலவு செய்தார்கள், தங்கக் காசைப் பெட்டியில் வைத்தார்கள், இல்லையென்றால் ஆசாரியிடம் கொண்டுபோனார்கள்.

முதல் உலகப் போரின்போது கடலில் தங்கம் அனுப்புவது ஆபத்தானதால், 1918-ல் பம்பாயிலேயே சாவரின் அடித்தார்கள். சுமார் 13 லட்சம் காசுகள். வருடத்துக்கு மேலே ஆங்கில 'ஐ' எழுத்து சின்னதாக இருக்கும். அதே வருடம் அதே எடையில் '15 ரூபாய்' என்று பொறித்த மோகர் காசும் சுமார் 21 லட்சம் அடித்தார்கள். அடுத்த வருடமே பம்பாய் கிளையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு 2013-ல்தான், ஹரியானாவில் எம்.எம்.டி.சி.-பேம்ப் நிறுவனம் உரிமம் பெற்று, அதே 'ஐ' எழுத்தோடு இந்தியாவில் மீண்டும் சாவரின் அடித்தது.

1927-ல் சாவரின் இந்தியாவில் செல்லும் பணம் என்ற தகுதியை இழந்தது. ஆனால் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஏனென்றால் அதற்குள் பவுன் என்பது நம் ஊரில் காசின் பெயராக இல்லை, எடையின் பெயராகிவிட்டது!

ராஜாவின் முகத்தில் வெட்டு

இது நமக்குப் புதிதல்ல என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியத் தங்கக் காசுகள்! மிளகும் முத்தும் வாங்க வந்த பணம். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில், பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு.

ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். தேய்ந்த காசை இனிப் பணமாக எண்ணாதே, தங்கமாக மட்டும் எடை போடு என்று காட்டும் அடையாளம் என்பது அதில் முக்கியமான ஒன்று. இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளில் துளை போட்டதும் உண்டு, வளையம் வைத்ததும் உண்டு. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடம் முன்னால் அந்தப் பேரரசர்களுக்கு நடந்ததுதான், ஆயாவின் மாமியார் கையில் ஐந்தாம் ஜார்ஜுக்கும் நடந்திருக்கிறது. எந்த நாட்டு ராஜா வந்தால் என்ன, இங்கே வந்தால் கழுத்தில் தொங்க வேண்டியதுதான்!

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

அப்படியானால் அமெரிக்காக்காரன் மட்டும் பழைய காசுக்கு ஏன் இத்தனை விலை கொடுக்கிறான்? இதற்கு ஒரு சட்டம் பெரிய காரணம்.

1933 ஏப்ரல் 5. பொருளாதார மந்தம், வங்கிகள் வரிசையாக விழுகின்றன. அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை போட்டார். மக்கள் கையில் உள்ள தங்கக் காசு, தங்கக் கட்டி எல்லாவற்றையும் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். விலை அவுன்ஸுக்கு 20.67 டாலர். அடுத்த வருடம் ஜனவரியில் அரசாங்கமே விலையை 35 டாலர் என்று மாற்றியது. ஒழுங்காக ஒப்படைத்தவனுக்குக் கிட்டத்தட்ட 70 சதவீத விலை ஏற்றம் கைவிட்டுப் போனது. 1974 டிசம்பர் 31 வரை அமெரிக்கர்கள் முதலீட்டுக்காகத் தங்கக் கட்டி வைத்திருக்க முடியாது.

ஆனால் அந்த ஆணையில் ஒரு கதவு திறந்திருந்தது. சேகரிப்பாளர்களுக்கு விசேஷ மதிப்புள்ள அபூர்வக் காசுகளுக்கு விலக்கு. அந்தக் கதவு வழியாகத் தப்பித்த காசுதான் அங்கே சேகரிப்புப் பொருளானது. 1.88 கோடி டாலர் காசும் அந்தக் கதையில் வருவதுதான். 1933-ல் நான்கரை லட்சம் காசுகள் போல அடித்தார்கள், மக்களுக்கு வெளியிடாமலே உருக்கிவிட்டார்கள். தப்பியவை விரல் விட்டு எண்ணலாம். தனியார் ஒருவர் சட்டப்படி வைத்திருக்கலாம் என்று விடப்பட்டது அந்த ஒன்றே ஒன்றுதான். அந்த விலை தங்கத்துக்கு இல்லை!

இப்போது நம் பக்கம் வாருங்கள். சீனப் போருக்குப் பிறகு, 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்றார்கள். ஆயிரக்கணக்கான பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்தன, தற்கொலைகளும் நடந்தன. அந்த 14 காரட் விதியைச் சில வருடங்களில் தளர்த்தினாலும், 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. கட்டியாகத் தங்கம் வைத்திருக்கத் தடை. 1990-ல்தான் அந்தச் சட்டம் போனது.

இங்கேயும் ஒரு கதவு திறந்திருந்தது. அது நகை. ஒரு வரம்பு வரை நகையாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு நாட்டு அரசாங்கமும் தங்கத்தைப் பிடித்தன. அங்கே திறந்திருந்த கதவு சேகரிப்பு, இங்கே திறந்திருந்த கதவு நகை. நாம் ஏற்கெனவே அந்த வழியில்தான் நடந்துகொண்டிருந்தோம், சட்டம் அதே பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது. அமெரிக்கன் காசை உறையில் போட்டு வைத்தான், நாம் வளையம் வைத்தோம்.

முதலீடு என்று பார்த்தால்

இனி என் பாடப்பிரிவு. பழைய தங்கக் காசின் விலையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று தங்கத்தின் விலை, உருக்கினாலும் கிடைப்பது. இன்னொன்று அதற்கு மேல் சேகரிப்பாளர் தரும் பிரீமியம். முதல் பகுதி தினமும் பேப்பரில் வருகிறது. இரண்டாவது பகுதி, வாங்க ஆள் இருந்தால்தான் உண்டு.

அந்த இரண்டாவது பகுதி மூன்று விஷயங்களைப் பார்க்கும்.

முதலாவது, எத்தனை அடித்தார்கள் என்பது. பழையது என்பதாலேயே எதுவும் அபூர்வமாகிவிடாது. எங்கள் 1912 காசு லண்டனில் அடித்தது. அந்த ஒரே வருடத்தில் லண்டனில் அடித்தவை சுமார் 3 கோடி!

இரண்டாவது, நிலை. அமெரிக்காவில் காசுக்கு 1 முதல் 70 வரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தருவதற்கே 1980-களில் இருந்து நிறுவனங்கள் இருக்கின்றன. வளையம் பற்றவைத்த காசு, பிறகு வளையத்தை எடுத்துப் பாலீஷ் போட்டாலும் அங்கே 'நகையிலிருந்து வந்தது' என்று ஒதுக்கப்படும். பிரீமியம் அநேகமாகப் பூஜ்யம்.

மூன்றாவது, அசல்தானா என்பது. 1950-களில் மத்திய கிழக்கில் போலி சாவரின் ஏராளமாக அடித்தார்கள். அந்தப் போலிகளைச் சமாளிக்கவும்தான் இங்கிலாந்து 1957-ல் சாவரின் அடிப்பதை மறுபடி தொடங்கியது.

இதெல்லாம் தாண்டினாலும் நமக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயதான நாணயம் தொல்பொருள். தனி நபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நியூயார்க் ஏல விலையைப் பார்த்து பாப்பிரெட்டிப்பட்டியில் நான் கனவு கண்டதற்கு அர்த்தமே இல்லை. ("ரூஸ்வெல்ட் மாதிரி அரசாங்கம் பறித்துக்கொண்டால் பழைய காசுக்கு மட்டும் விலக்கு உண்டு" என்று சொல்லி, சாதாரணக் காசைக் கூடுதல் விலைக்கு விற்பவர்கள் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள். 1933 ஆணையின் விலக்கு அதே மாதிரி இன்னொரு முறையும் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.)

ஆகவே நான் வந்து சேர்ந்த முடிவு இது. பழைய காசு தங்க விலைக்கே கிடைத்தால் வாங்கலாம், அது தங்க முதலீடு. அதற்கு மேல் கொடுத்தால், அந்தக் கூடுதல் பணத்துக்கு நீங்கள் வாங்குவது ஆசையை. ஆசைப்படுவது தப்பில்லை, கணக்கில் மட்டும் அதைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்கு காசுகள் என்ன ஆயின?

சேலத்தில் பழைய காசு பற்றித் தெரிந்த ஒரு பெரியவரிடம் அப்பாவும் நானும் போனோம். லென்ஸ் வைத்துப் பார்த்தார். வளையம் வைத்த மூன்றையும் ஒரு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1912-ஐ மட்டும் கொஞ்ச நேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல காசு தம்பி. ஆனா நிறைய இருக்கு" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா எதுவும் சொல்லவில்லை. மண்டபத்துக்கு ஏற்கெனவே சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டியிருந்தார் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஆயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். 1912-ல் இந்தக் காசு 15 ரூபாய் என்றும், 2025 அக்டோபரில் ஒரு பவுன் 90 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது என்றும் விளக்கினேன். ஆயா சிரித்தார். "ரெண்டு தடவ பஞ்சத்துக்கு இத அடகு வெச்சு மீட்டிருக்கோம் கண்ணு. அப்பல்லாம் ராசா மூஞ்சிய யாரு பாத்தா? எடதான் பாத்தான்."

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க மாற்றை விட்டதும், இங்கே தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. விளைபொருள் விலையோ பாதாளத்தில். வரியும் வட்டியும் கட்ட வழியில்லாத குடியானவர்கள் வீட்டுத் தங்கத்தை விற்றார்கள். அது பம்பாய் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாக வெளியே போனது. அந்த வருடங்களில் தப்பிய நான்கு காசுகள்தான் ஆயாவின் முடிச்சில் இருந்தவை.

மூன்று காசுகள் அக்காவின் நெக்லஸாகிவிட்டன. நான்காவதை ஆயா உருக்க விடவில்லை, அக்கா கையிலேயே கொடுத்துவிட்டார். அவளுக்கு அதைச் சங்கிலியில் போட்டுக்கொள்ள ஆசை. நான் ஆசாரியிடம் போய், காசில் நெருப்பு படாமல் சுற்றி ஒரு பிரேம் போட்டு மாட்டித் தரச் சொன்னேன். "எதுக்கு தம்பி, பத்த வெச்சா நிக்குமே" என்றவர் கடைசியில் ஒத்துக்கொண்டார். நாளைக்கு வேண்டுமானால் காசு முழுசாக வெளியே வரும். அதனால் விலை கூடுமா என்று கேட்டால், அநேகமாகக் கூடாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது துணி முடிச்சு இருக்கலாம். உருக்கக் கொடுப்பதற்கு முன்னால் வருடத்தையும், வருடத்துக்கு மேலே சின்னதாக ஏதாவது எழுத்து இருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அது எப்படி வந்தது என்றும் கேட்டு வையுங்கள். ஆனால் ஏல விலையைப் பார்த்துவிட்டு, கல்யாண வேலையை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்!