சாம்பல் விலைபோன காலம்

நம் வீடுகளில் டஸ்ட்பின் என்று சொல்லப்படும் தொட்டியில் விழுபவை காய்கறித் தோலும் பால் பாக்கெட்டும் கிழிந்த காகிதமும்தான். தூசி பேருக்குக்கூட இருப்பதில்லை. அந்தப் பெயர் லண்டனில் வேரூன்றியபோது நிலைமை வேறு. 19ஆம் நூற்றாண்டு லண்டன்வாசி ‘டஸ்ட்’ என்று சொன்னால், பெரும்பாலும் கணப்படுப்பிலிருந்து அள்ளிய நிலக்கரிச் சாம்பலைத்தான் சொன்னார். அதை அள்ளிப்போக வந்தவர் டஸ்ட்மேன். அது மலையாகக் குவிந்த இடம் டஸ்ட் யார்டு. அந்தச் சாம்பலுக்குச் சந்தையில் விலை இருந்தது. லண்டன் எப்படிச் சுத்தமான நகரமாயிற்று என்று கேட்டால், காலரா தந்த அச்சம், சீர்திருத்தவாதிகளின் பிடிவாதம், நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் என்று ஒரு விடை தயாராக இருக்கிறது. சாக்கடையைப் பொறுத்தவரை அந்த விடை சரி. வீட்டுக் குப்பையைப் பொறுத்தவரை, சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அதை வாசலிலிருந்து அகற்றியது சாம்பலின் விலை. எந்தத் தெரு சுத்தமாக இருக்கும், எது நாறும் என்பதையும் அந்த விலையே தீர்மானித்தது. விலை சரிந்த பிறகுதான் குப்பை அள்ளுவது அரசின் கடமை என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது.

சாம்பலுக்கு ஏன் விலை? 1801இல் சுமார் 10 லட்சமாக இருந்த லண்டன் மக்கள்தொகை 1851இல் 23 லட்சத்தைத் தாண்டியது. அத்தனை பேரும் குளிர்காய்ந்ததும் சமைத்ததும் நிலக்கரியில். லண்டனின் உழைக்கும் ஏழைகளைப் பற்றி விரிவாக எழுதிய பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ, நகரம் ஆண்டுக்கு 35 லட்சம் டன் நிலக்கரி எரிப்பதாகக் கணக்குச் சொன்னார். எரிந்ததில் மிஞ்சிய பொடிச் சாம்பலும் பாதி வெந்த கரியும் வீட்டுக்கு வீடு சேர்ந்தன. மறுபுறம், பெருகிய மக்களுக்கு வீடு கட்டச் செங்கல் வேண்டியிருந்தது. லண்டன் செங்கலைச் செய்தவர்கள் சலித்த சாம்பலைக் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்தார்கள். சாம்பலில் எரியாமல் மிஞ்சியிருந்த கரித்துகள் சூளையில் தீப்பிடித்து, கல்லை உள்ளிருந்தே வேகவைத்தது. பெரிய கரித்துண்டுகளைக் கற்களுக்கு இடையே பரப்பிச் சூளைக்கு எரிபொருளாக்கினார்கள். ஆக, ஒரே குப்பை மண்ணோடு கலக்கும் பொருளாகவும் விறகாகவும் பயன்பட்டது. கென்ட் பகுதிச் சூளைகளுக்குச் சாம்பல் ஏற்றிப்போன தேம்ஸ் படகுகள் திரும்பும்போது செங்கல் ஏற்றி வந்தன. நேற்று அடுப்பில் எரிந்தது நாளை சுவராக எழுந்த இந்தச் சுழற்சியை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. இரண்டு பக்கமும் லாபம் இருந்ததால் அது தானே ஓடியது.

விலை இருந்தது என்பதற்கு வலுவான சான்று, குப்பைக்காக நடந்த போட்டி. அப்போது உள்ளாட்சி வேலைகளைப் பார்த்தவை பாரிஷ் எனப்படும் தேவாலய வட்டார நிர்வாகங்கள். நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அவை குப்பை அள்ளும் உரிமையைக் குத்தகைக்கு விட்டன. குத்தகைதாரருக்குப் பாரிஷ் கூலி தரவில்லை; குத்தகைதாரர்தான் பாரிஷுக்குப் பணம் கட்டினார். குத்தகை எடுக்காமலே வண்டியோடு வந்து சாம்பலை அள்ளிப் பறந்த ஒரு கூட்டமும் இருந்தது. ‘பறக்கும் டஸ்ட்மேன்’ என்று ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்தது. பணம் கட்டியவர்கள் புகார் சொன்னார்கள். 1817இல் லண்டன் தெருக்களுக்காக இயற்றப்பட்ட சட்டம் அடுத்தவர் குத்தகையில் கைவைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. குப்பை போடுவதற்கு அபராதம் விதிக்கும் சட்டங்களை நாம் அறிவோம். குப்பையைத் திருடுவதற்கு அபராதம் விதித்த சட்டம், அந்தப் பொருளின் மதிப்பை எந்தக் கணக்குப் புத்தகத்தையும்விடத் தெளிவாகச் சொல்கிறது.

டஸ்ட் யார்டின் உள்ளே நடந்த வேலையை மேஹ்யூவின் விவரணைகளிலிருந்து துல்லியமாக அறிய முடிகிறது. வண்டிக்கு இரண்டு பேர். மணி அடித்து, குரல் கொடுத்து, வீட்டின் பின்கட்டிலிருந்து கூடையில் அள்ளி வந்து ஏற்றுவார்கள். யார்டில் குவியலின் அடிவாரத்தில் வண்டி கவிழ்க்கப்படும். அங்கே வரிசையாகப் பெண்கள், கிட்டத்தட்ட இடுப்பளவு சாம்பலில். இடுப்பிலிருந்து கீழே தடித்த தோல் மேலுடை, கையில் இரும்புச் சல்லடை. ஒருவர் மண்வெட்டியால் அள்ளிச் சல்லடையில் போட, இவர்கள் உலுக்கிச் சலிப்பார்கள். கீழே விழும் நுண்ணிய பொடி செங்கலுக்கும் சதுப்பு நில எருவுக்கும் போகும். சல்லடையில் தங்கும் கரி சூளைக்கு. எலும்பு, கந்தல், பழைய உலோகம் காயலான் கடைக்கு. உடைந்த செங்கலும் சிப்பி ஓடும் அஸ்திவாரத்துக்கும் சாலைக்கும். பிய்ந்த செருப்புகூட வீணாகவில்லை; பிரஷ்யன் நீலம் என்ற சாயம் தயாரிப்பவர்கள் அதன் தோலுக்காக வாங்கினார்கள். நாள் முழுவதும் சாம்பலைச் சுவாசித்த அந்தப் பெண்களுக்குக் கூலி சொற்பம். பொறுக்கிய கரித்துண்டும் மரச்சில்லும் கூலியின் ஒரு பகுதியாகவே அவர்களுடைய வீட்டு அடுப்புக்குப் போயின.

இந்தத் தொழில் ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த ஓர் உருவகத்தை மெய்யாக்கியது. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே கொச்சை வழக்கில் ‘டஸ்ட்’ என்றால் காசு. கிறிஸ்தவ அடக்கச் சடங்கில் அதே சொல் மனித உடலின் முடிவைக் குறிக்கும். பணமும் மரணமும் அழுக்கும் ஒரே சொல்லுக்குள் இருந்ததைச் சார்லஸ் டிக்கன்ஸ் பயன்படுத்திக்கொண்டார். 1864-65இல் தொடராக வெளிவந்த ‘அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்’ நாவலில், குப்பைக் குவியல்களால் பணக்காரரான ஒரு கஞ்சர் இறந்துபோக, அவருடைய சொத்தைச் சுற்றிக் கதை நகர்கிறது. சொத்து கைக்கு வரும் வேலைக்காரர் பாஃபினுக்குத் தங்க டஸ்ட்மேன் என்று பட்டப்பெயர். அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி என்று பலர் கருதும் ஹென்றி டாட் உண்மையிலேயே வாழ்ந்த குப்பைக் குத்தகைதாரர். 1863இல் தேம்ஸ் சரக்குப் படகுகளுக்குப் பந்தயம் வைத்துப் பரிசு கொடுக்கும் அளவுக்குச் செல்வந்தர். இன்று கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம் இருக்கும் பகுதியில் நின்ற ஒரு சாம்பல் மலையை, 1812 தீயில் அழிந்த மாஸ்கோவை மறுபடி கட்டுவதற்காக ரஷ்யர்கள் வாங்கிப்போனார்கள் என்று ஊரில் ஒரு கதை உலவியது. நடந்ததோ இல்லையோ, குப்பைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கும் என்று கேட்டவர்கள் நம்பினார்கள். ஆனால் உருவகம் குத்தகைதாரரைத்தான் பிரபலமாக்கியது. சல்லடை பிடித்தவர்களுக்குத் தங்கம் என்ற அடைமொழியை யாரும் சூட்டவில்லை.

விலை சரிந்த கதைதான் என் வாதத்தின் மையம். நகரம் வளர வளரச் சாம்பல் பெருகியது. செங்கல் தேவையோ கட்டட வேலையின் ஏற்ற இறக்கத்தோடு ஏறி இறங்கியது. மேஹ்யூ எழுதிய 1850 வாக்கிலேயே, முன்பு குத்தகைப் பணம் வாங்கிய பாரிஷ்கள் சில, குத்தகைதாரருக்குக் காசு கொடுத்துக் குப்பையை அள்ளச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டிருந்தன. 1880களில் இன்னொரு அடி விழுந்தது. பீட்டர்பரோ அருகே ஃப்ளெட்டனில் தோண்டிய களிமண்ணில் இயற்கையாகவே எரியக்கூடிய கரிமப்பொருள் இருந்தது. அந்த மண்ணுக்குச் சாம்பல் சேர்க்க வேண்டியதில்லை, எரிபொருளும் குறைவு. ரயிலில் வந்திறங்கிய அந்த மலிவுச் செங்கல் லண்டன் சூளைகளின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. வாங்க ஆள் குறைந்ததும் சாம்பல் மலை சொத்து என்ற நிலை மாறிச் சுமையாயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். 1842இலேயே சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றிய அறிக்கையை வெளியிட்டார், 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது, விலை சரிவதற்கு முன்பே சீர்திருத்தம் தொடங்கிவிட்டதே என்று கேட்கலாம். குரல் முன்பே எழுந்தது என்பது உண்மைதான். ஆனால் சாட்விக் காலத்து அறிக்கைகள் காட்டும் படத்தைக் கவனியுங்கள். வசதியானவர்களின் தெருக்கள் ஓரளவு ஒழுங்காகக் கூட்டி அள்ளப்பட, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த முட்டுச்சந்துகளில் குப்பை மாதக்கணக்கில் அழுகியது. காரணம் கணக்கில் இருக்கிறது. பல அறைகளில் தீ வளர்க்கும் வீட்டில் சாம்பல் அதிகம். டஸ்ட்மேனுக்கு பீர் குடிக்க இனாமும் கிடைக்கும். ஒரே அறையில் ஒரு பிடி கரியை மிச்சம்பிடித்து எரித்தவன் வீட்டிலிருந்து கிடைப்பது ஈரக் குப்பைதான். அதை யார் வாங்குவார்கள்? குத்தகை நடைமுறை நன்றாக ஓடிய காலத்திலேயே அந்தச் சந்துகள் அதன் கண்ணில் படவில்லை. 1855இன் லண்டன் நிர்வாகச் சட்டமும் வேலையை வட்டார சபைகளிடம் விட்டு, குத்தகைக்கு இடம் கொடுத்தது. குறித்த காலத்தில் வீட்டுக் குப்பையை அகற்றுவது சுகாதார நிர்வாகத்தின் கடமை என்று லண்டனுக்கு அழுத்தமாகச் சொன்னது 1891இன் சட்டம்தான். குப்பை அள்ள வருபவர் வீட்டுக்காரரிடம் இனாம் கேட்டால் அபராதம் என்றும் அது சொன்னது. சாம்பலுக்கு வாங்க ஆள் இல்லாமற்போன பிறகு வந்த சட்டம் அது.

மனிதக் கழிவின் வரலாறும் இதே திசையைக் காட்டுகிறது. லண்டன் மலக்குழிகளை இரவில் காலி செய்தவர்கள் அதை நகரைச் சுற்றியிருந்த உழவர்களுக்கு எருவாக விற்றார்கள். 1840களில் அதற்குப் போட்டியாகப் பெரு நாட்டிலிருந்து குவானோ எனும் பறவை எச்ச உரம் கப்பல் கப்பலாக வந்தது. கழிப்பறைகளில் தண்ணீர் ஊற்றும் வசதி பரவியதால் மலம் நீர்த்துப்போய் எருவாகவும் தேறவில்லை. விலை போகாததை அள்ள ஆளில்லை. அது சாக்கடை வழியாகத் தேம்ஸில் கலந்து, 1858 கோடையில் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்தது. பொறியாளர் ஜோசப் பசல்கெட்டின் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது அதன் பிறகுதான்.

இன்னொரு மறுப்பு நம் காலத்துக்குரியது. எதையும் வீணாக்காத டஸ்ட் யார்டு மறுசுழற்சிக்கு முன்மாதிரி அல்லவா, அதைக் குறை சொல்வது சரியா என்று சூழலியல் ஆர்வலர்கள் கேட்கக்கூடும். பிரித்தெடுத்த நேர்த்தியை மறுக்க முடியாது. ஆனால் அந்த நேர்த்தி மூன்று தூண்களில் நின்றது: குப்பையில் பெரும்பகுதி ஒரே பொருளாக இருந்தது, அதை வாங்க ஒரே பெரிய தொழில் இருந்தது, மிகக் குறைந்த கூலிக்குச் சலிக்கப் பெண்கள் கிடைத்தார்கள். ஒரு தூண் சாய்ந்ததும் கட்டடம் ஆட்டம் கண்டது. 1874இல் நாட்டிங்ஹாமில் ஆல்ஃபிரட் ஃப்ரையர் வடிவமைத்த குப்பை எரியுலை வந்ததும் பல நகரங்கள் அந்த வழியில் போயின. லண்டனின் ஷோர்டிச் வட்டாரம் 1897இல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தைத் திறந்து, தூசியிலிருந்து ஒளியும் ஆற்றலும் என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகத்தை அதன் சுவரில் பொறித்தது. பழைய தங்க டஸ்ட்மேன் கனவின் புது வடிவம் அது. ஒரு வித்தியாசம் முக்கியம்: மின்சாரத்தில் வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் குப்பையை அள்ளும் பொறுப்பு அப்போது சட்டப்படி வட்டார நிர்வாகத்தின் தலையில் இருந்தது. 1952இன் நச்சுப்புகைக்குப் பிறகு, 1956இன் தூய காற்றுச் சட்டம் கணப்படுப்புகளை மெல்ல அணைக்கவைத்தபோது டஸ்ட்பின்னில் சாம்பல் அருகி, காகிதமும் தகரமும் உறைகளும் நிரம்பின. உள்ளடக்கம் அடியோடு மாறியும் வண்டி வருவது நிற்கவில்லை. வண்டியை வரவைத்தது விலையாக மட்டும் இருந்திருந்தால் அன்றே நின்றிருக்கும்.

குப்பையிலிருந்து காசு பார்க்கலாம் என்ற வாக்குறுதியோடு இன்று எந்த ஊரில் எந்தத் திட்டம் வந்தாலும் லண்டன் சாம்பலின் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. வருமானம் வந்தால் வரட்டும். அதைக் கொண்டு அள்ளுபவர்களின் கூலியை உயர்த்தலாம். ஆனால் தெருவைச் சுத்தமாக வைத்திருக்கும் செலவை அந்த வருமானத்தை நம்பி விடக்கூடாது. விலையை நம்பினால் முதலில் கைவிடப்படுவது ஏழைகளின் சந்துதான் என்பதை லண்டன் தன் சொந்தச் செலவில் நிரூபித்துவிட்டது. அந்தப் பாடத்தை இன்னொரு நகரம் மறுபடி விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை.