வீட்டுவழிக் கல்வி (இந்தியா)

பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காமல் வீட்டிலேயே தாமாகவோ, தாம் அமர்த்தும் ஆசிரியரைக் கொண்டோ படிக்கவைக்கும் முறை வீட்டுவழிக் கல்வி. நகரங்களில் இதை ஹோம்ஸ்கூலிங் என்றே சொல்கிறார்கள். பள்ளி விட்டு வந்தபின் வீட்டில் நடக்கும் டியூஷன் இதில் சேராது. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டமும் வேறு. அது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் நடத்திய வகுப்பு. கடுமையான உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கு அரசே வீடு தேடிச் சென்று தரும் பயிற்சியும் தனி ஏற்பாடு. பள்ளி எட்டும் தொலைவில் இருந்தும், அனுப்ப வசதி இருந்தும், வீட்டையே பெற்றோர் தேர்ந்தெடுப்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

தொடக்க வரலாறு

இந்த முறை மேல்நாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கியது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதற்கு அரசு ஆவணமே சான்று. சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் படிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டறிய 1822 ஜூனில் உத்தரவிட்டார். ஊர்தோறும் எத்தனை பள்ளிகள், அவற்றில் எத்தனை பிள்ளைகள், அவர்கள் எந்தச் சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒரு படிவம் மாவட்ட ஆட்சியர்களுக்குப் போனது. பதில்கள் வந்து சேர மூன்று ஆண்டுகளுக்கு அருகில் ஆயின. 1826 மார்ச் 10 அன்று மன்றோ எழுதிய குறிப்பில் அவற்றின் தொகை உள்ளது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. அதாவது ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர் படித்துக்கொண்டிருந்தார்.

மன்றோ அத்துடன் நிற்கவில்லை. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ 7,13,000 பேர் இருப்பர் என்று கணித்தார். பள்ளியில் இருந்த ஆண்பிள்ளைகள் 1,84,110. இது கால் பங்குக்குச் சற்று மேல். ஆனால் வீட்டில் படிப்பவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை என்பதை அவர் கவனித்தார். சென்னை ஆட்சியர் மட்டும் அந்த எண்ணிக்கையையும் எழுதி அனுப்பியிருந்தார். ஏறத்தாழ 27,000 பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள். அது பள்ளியில் படித்தவர்களைப்போல் ஐந்து மடங்கு. இவ்வளவு இருக்காது, ஏதோ பிழை நேர்ந்திருக்கும் என்று மன்றோ ஐயப்பட்டார். ஆனாலும் உறவினரிடமோ தனி ஆசிரியரிடமோ வீட்டில் படிப்பது நாட்டின் எந்தப் பகுதியிலும் அரிதான வழக்கம் அல்ல என்றும் அதே குறிப்பில் எழுதினார். வீட்டில் படிப்பவர்களையும் கூட்டிப் பார்த்தால், படிக்கும் ஆண்பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கை நெருங்குவார்கள் என்பது அவர் முடிவு. ஆட்சியரின் எண்ணைப் பாதியாகக் குறைத்தாலும் அன்றைய சென்னையில் பள்ளியைவிட வீடே பெரிய கல்விக்கூடமாக இருந்தது என்பது மாறாது.

மலபார் மாவட்டத்தின் பதிலில் இன்னொரு செய்தி இருக்கிறது. சாமூதிரி மன்னர் ஆதரவில் நடந்த கல்லூரியில் படித்தவர்கள் 75 பேர். தனி ஆசிரியர்களிடம் சட்டம், வானநூல், மருத்துவம் போன்றவற்றைக் கற்றவர்கள் 1,594 பேர். கன்னட மாவட்ட ஆட்சியரோ, தம் பகுதியில் படிப்பெல்லாம் வீட்டோடு நடப்பதால் படிவத்தை நிரப்புவதில் பயனில்லை என்ற பொருளில் எழுதிவிட்டார். இந்த ஆவணங்களைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கியவர் தரம்பால். அவர் உழைப்பு இல்லையென்றால் இந்த எண்கள் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்திருக்கும்.

வீட்டில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்குத் திண்ணைப் பள்ளியின் பாடமே அளவுகோல். விஜயதசமியன்று அரிசியில் எழுத்தைத் தொடங்கிவைத்து, பிறகு மணலில் விரலால் எழுதிப் பழக்கி, கை தேறியபின் ஓலையும் எழுத்தாணியும் கொடுப்பார்கள். அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன். எண்சுவடியில் முழு எண் வாய்பாட்டோடு பின்ன வாய்பாடும் உண்டு: இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. நெல் அளப்பதற்கும் நிலம் அளப்பதற்கும் இந்தப் பின்னங்கள் வேண்டியிருந்தன. கணக்கு எழுதும் குடும்பத்தில் பிறந்த பிள்ளை இவற்றை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றது. எழுத்தறிந்த அப்பா இல்லாத பிள்ளைக்கு அந்த இடம் இல்லை. பள்ளர், பறையர், சக்கிலியர் வீடுகளுக்கு இந்தக் கல்வி எட்டாமல் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. பொதுப்பள்ளி இந்த நாட்டுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பள்ளிகள் பெருகிய பிறகும், மகனின் படிப்பைத் தாமே முன்னின்று நடத்திய பெற்றோர் இருந்தனர். உ.வே. சாமிநாதையரின் (1855–1942) தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். தமிழ் சொல்லித்தரத் தக்கவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, அரியலூர், குன்னம், கார்குடி என்று குடும்பத்தையே இடம் மாற்றிக்கொண்டு போனார். முடிவில் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பெண்பிள்ளைகளுக்கு வீட்டுக் கல்வி வேறு வகையில் துணை நின்றது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, வயதுக்கு வந்ததும் அன்றைய வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். கல்லூரி முதல்வரான அவர் தந்தை நாராயணசாமி ஐயர் படிப்பை நிறுத்தவில்லை. வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. 1902இல் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். பெண்ணை ஆண்கள் கல்லூரியில் சேர்க்கலாமா என்று எழுந்த எதிர்ப்பை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தள்ளிவிட்டு அனுமதி தந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடறிந்தவர் அவர். வீட்டில் படித்து, வெளியே தேர்வு எழுதி, கல்லூரிக்குள் நுழைவது என்ற பாதையை இன்றைய பெற்றோர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

வங்கத்தில் இரவீந்திரநாத் தாகூரின் (1861–1941) இளமைப் படிப்பில் பெரும்பகுதி ஜொராசங்கோ வீட்டில் நடந்தது. விடியுமுன் மல்யுத்தப் பயிற்சி, பிறகு கணக்கு, இலக்கியம், மாலையில் ஆங்கில ஆசிரியர் என்று அண்ணன் ஹேமேந்திரநாத் வகுத்த அட்டவணை. அதில் முதலிடம் தாய்மொழிக்கு.

காந்தியின் சோதனை

வீட்டுவழிக் கல்வியைக் கொள்கையாகவே ஏற்று, அதன் நட்டத்தையும் மறைக்காமல் எழுதியவர் காந்தி. 1897இல் டர்பன் வந்து இறங்கியபோது அவருடன் ஒன்பது வயதும் ஐந்து வயதுமான இரண்டு மகன்களும், பத்து வயதான சகோதரி மகனும் இருந்தனர். ஐரோப்பியர் பள்ளியில் அவர் பிள்ளைகளுக்குச் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத சலுகை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். மாதம் ஏழு பவுண்டுக்கு ஓர் ஆங்கிலப் பெண்மணியை அமர்த்திப் பார்த்தார். தாமும் குஜராத்தியில் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞர் வேலை நேரத்தை விழுங்கியது. அலுவலகத்துக்கு நடந்து போய்வரும் ஐந்து மைல் தூரத்தையே வகுப்பாக்கினார். பிள்ளைகள் கூட நடந்து வருவார்கள். வழியில் பேச்சுதான் பாடம். யாராவது கட்சிக்காரர் கூட வந்துவிட்டால் அன்றைக்குப் பாடம் இல்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது தவறாமல் ஒதுக்க முடிந்திருந்தால் சிறந்த கல்வியைத் தந்திருக்கலாம் என்று தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் இன்று தடுமாறுவதும் இதே ஒரு மணி நேரத்தில்தான். மூத்த மகன் ஹரிலால் முறையான படிப்பு கிடைக்காத குறையை வாழ்நாள் முழுவதும் சுமந்தார். 1915இல் தந்தைக்கு எழுதிய வெளிப்படையான கடிதத்திலும் அதைச் சொன்னார்.

1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையைக் காந்தி ஒரு குடும்பமாகவும் தம்மை அதன் தந்தையாகவும் கருதினார். பிள்ளைகளின் படிப்பும் அவர் பொறுப்பாயிற்று. பிள்ளைகளில் பலர் தமிழர். தமிழ் வகுப்பையும் அவரே எடுத்தார். கப்பல் பயணத்திலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் பாடநூலை வைத்துப் படித்ததுதான் அவருடைய தமிழ். பிள்ளைகளுக்கு அவரைவிட நன்றாகத் தமிழ் பேச வந்தது, ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டே வகுப்பு நடத்தியதாகவும், அதனால் பிள்ளைகளின் அன்பு குறையவில்லை என்றும் அவர் குறித்துள்ளார்.

பிற நாடுகளில்

கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபிறகே வீட்டில் கற்பிப்பது ஓர் எதிர்நிலையாகப் பார்க்கப்பட்டது. அமெரிக்காவில் 1852இல் மசாசூசெட்ஸ் மாநிலம் அத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது. 1918இல் மிசிசிப்பியோடு எல்லா மாநிலங்களிலும் நிறைவேறியது. 1960களிலும் 70களிலும் பள்ளி மீதான விமர்சனம் வலுத்தது. ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட், பிள்ளைகள் பயத்தால்தான் தோற்கிறார்கள் என்பதை வகுப்பறையில் கவனித்து 1964இல் நூல் எழுதினார். 1977இல் வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களுக்காக ஓர் இதழும் தொடங்கினார். பாடத்திட்டமே இல்லாமல் பிள்ளையின் ஆர்வத்தைப் பின்தொடரும் 'அன்ஸ்கூலிங்' அவர் வழி. இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923) வழி, குறுகிய பாடவேளையும் நல்ல நூல்களும் இயற்கை உலாவும் கொண்டது. இந்திய நகரங்களில் இந்த இருவழிகளும் கலந்தே பின்பற்றப்படுகின்றன. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டம் முதலே பள்ளியிலோ வேறு வகையிலோ கற்பிக்கலாம் என்று உள்ளது. ஜெர்மனி இதை அனுமதிப்பதில்லை. 2006இலும் 2019இலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்நாட்டின் நிலைக்கே இசைந்தது.

சட்டம்

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதன்படி வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சட்டம் விதிக்கவில்லை. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதித்த அதே சட்டம், பெற்றோரைத் தொடவில்லை. அரசு ஏற்க வேண்டிய கடமையைச் சொல்ல வந்த சட்டம் இது. தன் பிள்ளைக்குத் தானே கற்பிக்கும் தாயைக் குற்றவாளியாக்க வந்ததல்ல. எனவே வீட்டுவழிக் கல்வி இந்தியாவில் தடைசெய்யப்படவில்லை என்பதே சரியான வாசிப்பு. சட்டத்தில் வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இடம் ஒன்று உண்டு: பல்வகை அல்லது கடும் ஊனம் உள்ள பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற 2012ஆம் ஆண்டுத் திருத்தம்.

தேர்வும் இன்றைய நிலையும்

வீட்டில் படித்த பிள்ளை சான்றிதழ் பெற வழிகள் உள்ளன. 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, 2002இல் இப்போதைய பெயர் பெற்ற என்.ஐ.ஓ.எஸ். நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்பில் சேரலாம். ஆண்டுக்கு இருமுறை தேர்வு. தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டாம். ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகவும் முடிக்கலாம். திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதக் கூடாது என்றிருந்த விதியை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. வசதியுள்ளவர்கள் கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனியாக எழுதவைக்கிறார்கள். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் பல ஆயிரம் ரூபாய்.

புனே, பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில் இத்தகைய குடும்பங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இணைந்து, வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளைப் பூங்காவிலோ ஒருவர் வீட்டிலோ கூட்டுகிறார்கள். பழகப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள் என்ற குறைக்கு இதுவே போதிய விடை. சுமை வேறு இடத்தில் இருக்கிறது. பெற்றோரில் ஒருவர், பெரும்பாலும் தாய், சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். அதனால் இரண்டு சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இந்த வழி எட்டுவதில்லை. எத்தனை பிள்ளைகள் வீட்டில் படிக்கிறார்கள் என்ற அரசுக் கணக்கும் எடுக்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் எடுக்கப்படுவது பள்ளிகளின் கணக்கு மட்டுமே.

தமிழ்நாட்டில் பள்ளிக்கே போகாத பிள்ளை பன்னிரண்டரை வயது நிறைந்தபின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். அதில் தேறி, பதினான்கரை வயதும் நிறைந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு முன் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் கொடுக்க வேண்டும். கடைசி நாளைத் தவறவிட்டவர்கள் தத்கலில் கூடுதல் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம்.