மேலுறையில் எழுதப்படும் எண்: லித்தியம் மின்கலமும் 'ரெகுலேட்டட்' என்ற சொல்லும்

மின்சிகரெட் பயன்படுத்துவோரின் வழக்கில் 'ரெகுலேட்டட்' என்றோர் அடைமொழி உண்டு. சட்டம் பயின்றவர் இதைக் கேட்டால், அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கருவி என்றே பொருள்கொள்வார். அவ்வழக்கில் அதன் பொருள் வேறு. மின்கலத்துக்கும் வெப்பச்சுருளுக்கும் இடையே ஒரு மின்னணுச் சுற்று இருந்து, சுருளுக்குச் செல்லும் மின்திறனைக் கட்டுப்படுத்துகிறது என்பதே அதன் முழுப்பொருள். சுற்று கருவியை ஒழுங்குபடுத்தியது. ஆனால் கருவிக்குள் இடும் மின்கலத்தின் மேலுறையில் யார் எந்த எண்ணை அச்சிடலாம் என்பதை எவரும் ஒழுங்குபடுத்தவில்லை. பாதுகாப்பான மின்கலத்தைத் தேர்வது எப்படி என்ற கேள்வி இந்த இடைவெளியில் பிறந்ததே. அதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பதிவுசெய்வதே இங்கு நோக்கம். இக்கருவிகள் உடல்நலத்துக்கு ஏற்றவையா என்பது தனி விவாதம். மின்கலம் பாதுகாப்பாக இருப்பதால் அதற்கு விடை கிடைத்துவிடாது.

முதலில் பெயர்கள். 'பேட்டரி' என்பது பீரங்கி வரிசையைக் குறித்த படைத்துறைச் சொல். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெஞ்சமின் பிராங்க்ளின், வரிசையாக இணைத்த லெய்டன் சாடிகளுக்கு அப்பெயரை இட்டார். ஆகவே பேட்டரி என்பது பலவற்றின் தொகுப்பு, தனியொன்று 'செல்'. தமிழில் கலைச்சொல்லாக்கம் செய்தோர் 'மின்கலம்', 'மின்கலவடுக்கு' என்று இவ்வேறுபாட்டைக் காத்தனர். பேச்சுவழக்கோ டார்ச் விளக்கில் போடும் ஒற்றைக் கலத்தையும் 'பேட்டரிக்கட்டை' என்றே சொல்லும். இவ்வேறுபாடு வெறும் இலக்கணக் கண்டிப்பு அன்று. கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் நாம் பெறுவது பாதுகாப்புச் சுற்றுடன் மூடப்பட்ட அடுக்கு. மின்சிகரெட்டில் மாற்றிப்போடுவது பெரும்பாலும் பாதுகாப்புச் சுற்று இல்லாத தனிக் கலம்.

அக்கலத்தின் பெயர் பெரும்பாலும் ஓர் எண்தான்: 18650. விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65.0 மில்லிமீட்டர். பின்னர் வந்த 21700 என்பதும் இதே இலக்கணத்தில் அமைந்தது. எண்ணுக்கு முன்வரும் எழுத்துகள் வேதியியலைச் சொல்லும். ஐசிஆர் என்றால் கோபால்ட், ஐஎம்ஆர் என்றால் மாங்கனீசு, ஐஎன்ஆர் என்றால் நிக்கல், ஐஎஃப்ஆர் என்றால் இரும்பு. இறுதியில் வரும் 'ஆர்' உருளை வடிவத்தைக் குறிக்கும். வேதியியலைக் குறிக்க வந்த 'ஐஎம்ஆர்' என்ற முன்னொட்டு, மின்சிகரெட் வழக்கில் நாளடைவில் 'அஞ்ச வேண்டாதது' என்னும் பொருளைப் பெற்றது. பொருள் விரிந்ததும் வணிகர்கள் அவ்வெழுத்துகளை எந்த வேதியியலுக்கும் அச்சிடத் தொடங்கினர். பொருண்மை மாற்றம் ஒருவருக்குத் தீக்காயமாக முடியக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இனி லித்தியத்தின் வரலாறு. 1970களில் எக்சான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்காம், டைட்டானியம் டைசல்பைடையும் லித்திய உலோகத்தையும் கொண்டு மீண்டும் மின்னேற்றக்கூடிய கலத்தை உருவாக்கினார். அதன் ஆய்வுக்காலத்திலேயே தீ விபத்துகள் நேர்ந்தன. மின்னேற்றும்போது லித்திய உலோகம் முள்போல் வளர்ந்து மறுமுனையைத் தொட்டால் உள்ளேயே குறுக்குச்சுற்று உண்டாகிறது. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் லித்திய உலோகக் கலங்களைச் சந்தைக்கே கொண்டுவந்தது. 1989இல் அக்கலம் பொருத்திய கைப்பேசி ஒன்று ஜப்பானில் தீப்பற்றியது. கலங்கள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்து கைமாறியது. பின்னாளில் தைவானியரின் உடைமையாகி, லித்தியம் அயனிக்கு மாறி, 'மோலிசெல்' என்ற பெயரில் அது தொடர்கிறது. இன்று மின்சிகரெட் பயன்படுத்துவோர் மிகவும் நம்பும் பெயர்களுள் ஒன்று அது.

இதற்கிடையில் ஜான் குடினஃப் 1980இல் கோபால்ட் ஆக்சைடு மின்முனையை முன்வைத்தார். 1985இல் அகிரா யோஷினோ மறுமுனையில் லித்திய உலோகத்தை நீக்கிவிட்டுக் கரிமப் பொருளை வைத்தார். வெடிபொருள்களைச் சோதிக்கும் இடமொன்றில் தம் கலத்தின்மீது பெரிய இரும்புத் துண்டை விழச்செய்து பார்த்தார்; எதுவும் நேரவில்லை. லித்திய உலோகக் கலத்தின்மீது அதே இரும்பு விழுந்தபோது அது வெடித்தது. லித்தியம் அயனி மின்கலம் பிறந்த தருணம் அச்சோதனையே என்று யோஷினோ பின்னர்க் கருதினார். 1991இல் சோனி அதை வணிகப்பொருளாக்கியது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

'பாதுகாப்பானது' என்பது ஒப்பீட்டுச் சொல் என்பதை 2006 நினைவூட்டியது. சோனி தயாரித்த கலங்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்ததால், டெல் நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 41 லட்சம் மடிக்கணினி மின்கலவடுக்குகளைத் திரும்பப்பெற நேர்ந்தது. இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது, பிழைக்கு ஒரு முகவரி இருந்தது என்பதே. யார் தயாரித்தார், எந்தத் தொகுதி, எத்தனை என்று கேட்க இயன்றது.

மின்சிகரெட்டின் கதை அப்படிப்பட்டதன்று. புகையிலையற்ற, புகையற்ற சிகரெட்டுக்கு ஹெர்பர்ட் கில்பர்ட் 1960களிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தும் அது சந்தையில் நிலைக்கவில்லை. சீன மருந்தாளுநர் ஹோன் லிக் 2003இல் உருவாக்கிய கருவியே உலகெங்கும் பரவியது. தொடக்கத்தில் கருவிகள் சிறியவை, கலங்களும் சிறியவை. மேலும் ஆவி வேண்டும் என்ற விருப்பம் பயன்படுத்துவோரை 18650க்கு இட்டுச்சென்றது. மடிக்கணினிகளுக்கும் கம்பியற்ற துளையிடும் கருவிகளுக்கும் செய்யப்பட்ட கலத்தை ஓர் உலோகக் குழாயில் இட்டு, பொத்தானால் நேராகச் சுருளோடு இணைத்தனர். இதை 'மெக்கானிக்கல்' என்றனர். இங்கே ஓம் விதியைத் தவிர வேறு காவலர் இல்லை. முழுதும் ஏறிய கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் மின்தடை 0.2 ஓம் எனில் 21 ஆம்பியர், 0.1 ஓம் எனில் 42 ஆம்பியர். உறுதிசெய்யப்பட்ட அளவை மீறி மின்னோட்டம் இழுக்கப்படும்போது கலம் சூடேறும். ஒரு கட்டத்துக்குமேல் அச்சூடே அடுத்த வேதிவினையைத் தூண்டிக் கட்டுமீறிய வெப்பப்பெருக்கில் முடியும்.

இதற்கு மறுமொழியாகவே 'ரெகுலேட்டட்' கருவிகள் வந்தன. குறுக்குச்சுற்று நேர்ந்தால் அவை நின்றுவிடும். கலம் வற்றினால் மறுத்துவிடும். இவற்றோடு ஒரு தவறான எண்ணமும் பரவியது: சுருளின் மின்தடை எவ்வளவோ அதைப் பொறுத்தே கலத்தின் சுமையும் அமையும் என்பது. இவ்வகைக் கருவியில் சுமையை முடிவுசெய்வது நாம் அமைக்கும் வாட் அளவு. கலம் வற்ற வற்ற, அதே திறனைத் தருவதற்குச் சுற்று கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. ஒற்றைக் கலம், 75 வாட், சுற்றின் பயனுறுதிறன் 90 விழுக்காடு என்று கொள்வோம். கலம் 4.2 வோல்ட்டில் இருக்கும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர், 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஏறத்தாழ 26 ஆம்பியர். ஆகவே வாட் அளவைக் கடைசி மின்னழுத்தத்தாலும் பயனுறுதிறனாலும் வகுத்தே கணக்கிட வேண்டும். 20 ஆம்பியர் கலத்துக்கு இக்கணக்கின்படி ஏறத்தாழ 57 வாட்டும், 15 ஆம்பியர் கலத்துக்கு 43 வாட்டும் எல்லை. தொடராக இணைத்த இரு கலங்களில் இவ்வெல்லை இருமடங்காகும். அவ்விரண்டும் ஒரே வகையாக, ஒரே வயதினவாக, எப்போதும் சேர்ந்தே மின்னேற்றப்படுபவையாக இருக்க வேண்டும். இல்லையேல் வலுக்குறைந்தது முதலில் வற்றித் துன்புறும்.

இக்கணக்கு முழுவதும் ஒரே எண்ணைச் சார்ந்து நிற்கிறது: தொடர் மின்னோட்ட அளவு. அந்த எண் வரும் இடம் மேலுறை.

மேலுறை என்பது மெல்லிய ஞெகிழி உறை. அதற்கு இரு பணிகள். உருளைக் கலத்தின் வெளிச்சுவர் முழுவதும், நேர்முனையின் விளிம்புவரை, எதிர்முனையே. நேர்முனைப் பொத்தானையும் அதைச் சூழ்ந்த எதிர்முனையையும் பிரிப்பவை ஒரு சிறு வளையமும் இவ்வுறையுமே. உறை கிழிந்த கலத்தைக் கருவியில் இடுவது குறுக்குச்சுற்றை அழைப்பதற்கு ஒப்பாகும். இரண்டாம் பணி, அது ஒரு பனுவல். பெருநிறுவனங்களின் தேர்விலிருந்து ஒதுக்கப்பட்ட கலங்களையும், சில வேளைகளில் பழைய அடுக்குகளிலிருந்து பிரித்தெடுத்தவற்றையும் வாங்கி, புதிய உறையிட்டு, விரும்பிய எண்ணை அச்சிட்டு விற்போர் உண்டு. பெருநிறுவனங்களின் 18650 கலங்களின் கொள்ளளவு நெடுங்காலம் 3500 மில்லிஆம்பியர்-மணியை ஒட்டியே நின்றது; 9900 என்று அச்சிட்ட உறைகளும் விற்பனையாயின. பொய்யின் நுட்பமான வடிவம் வேறொன்று. தொடர்ந்து தரக்கூடிய மின்னோட்டத்தை விடுத்து, சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடிய 'பல்ஸ்' அளவை அச்சிடுவது அது. எத்தனை நொடி, எவ்வளவு இடைவெளி என்பதற்குப் பொதுவரையறை இல்லாதபோது அவ்வெண்ணைப் பொய் என்று மெய்ப்பிக்கவும் இயலாது.

தயாரிப்பாளரின் தரவுத்தாளோடு ஒப்பிட்டால் இயற்பியலின் நேர்மை தெரியும். சாம்சங்கின் 25ஆர் கலம் 2500 மில்லிஆம்பியர்-மணி, 20 ஆம்பியர். அதே நிறுவனத்தின் 30கியூ 3000 மில்லிஆம்பியர்-மணி, 15 ஆம்பியர். கொள்ளளவு கூடினால் மின்னோட்டம் குறைகிறது. இரண்டிலும் உச்சம் என்று சொல்லும் மேலுறையை ஐயத்துடனேயே வாசிக்க வேண்டும். தயாரிப்பாளர்களோ, இக்கலங்கள் பாதுகாப்புச் சுற்றுடன் கூடிய அடுக்குகளுக்கே உரியவை, தனித்தனியாக மின்சிகரெட்டில் இடுவதற்கல்ல என்று எச்சரித்துவருகின்றனர். ஆகவே நல்ல கலத்தைத் தேர்ந்தவரும் தயாரிப்பாளர் ஏற்காத பயன்பாட்டுக்கே அதைத் தேர்கிறார்.

விளைவுகள் பதிவாகியுள்ளன. அமெரிக்கத் தீயணைப்பு நிருவாகத்தின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் வெளியான 195 தீ, வெடிப்பு நிகழ்வுகளையும் 133 காயங்களையும் தொகுத்தது. நிகழ்வுகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கருவியோ மாற்றுக்கலமோ சட்டைப்பையிலோ காற்சட்டைப்பையிலோ இருந்தபோது நேர்ந்தவை. சாவியோ நாணயமோ இரு முனைகளையும் இணைத்தால் எந்தச் சுற்றும் காக்காது. சில்லறை விலையுள்ள ஞெகிழிப் பெட்டி காக்கும். 2018இல் புளோரிடாவிலும் 2019இல் டெக்சாசிலும் கருவி வெடித்து இருவர் உயிரிழந்தனர்.

இந்தியாவுக்கு வருவோம். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகவும், அவ்வாண்டு இறுதியில் நாடாளுமன்றச் சட்டமாகவும், மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் ஆகியன தடைசெய்யப்பட்டன. தடைசெய்யப்பட்ட பொருளுக்குத் தரநிலை இராது. கள்ளத்தனமாக வரும் கருவிக்குள் எந்தக் கலம் உள்ளதென்று கேட்பதற்கு முகவரியும் இராது. ஆனால் கலத்தை எச்சட்டமும் தடைசெய்யவில்லை, செய்யவும் இயலாது. அதே உருளைக் கலம் டார்ச் விளக்கிலும், பவர் பேங்கிலும், மின் இருசக்கர வண்டியிலும் இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றப்பட்டுக்கொண்டிருந்த மின் இருசக்கர வண்டி தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நாடெங்கும் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பின், ஏஐஎஸ் 156 தரநிலை திருத்தப்பட்டு, மின்கலவடுக்கின் தடத்தைப் பின்தொடர இயலவேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. ஐஎஸ் 16046இன்கீழ் லித்தியம் கலங்களுக்குக் கட்டாயப் பதிவும் உண்டு. உதிரியாக விற்கப்படும், உறைமாற்றிய கலமோ இவ்வளையங்களுக்கு வெளியே எளிதில் நழுவிவிடுகிறது.

மொழியியல் மாணவனாக எனக்கு இவ்வரலாற்றில் தெரிவது இது: '20 ஆம்பியர்' என்பது அளவைப் போலத் தோன்றும் ஒரு வாக்குறுதி. வாக்குறுதிக்குச் சொன்னவர் ஒருவர் வேண்டும். தவறினால் அவரைக் கேட்கும் வழியும் வேண்டும். பழைய அடுக்கைப் பிரித்துச் சேர்த்த பவர் பேங்கை வாங்கும் மாணவருக்கும் இதே கேள்விகள் பொருந்தும்: இக்கலத்தைச் செய்தவர் யார்? அவர் தரவுத்தாளில் சொன்ன தொடர் மின்னோட்டம் எவ்வளவு? விற்பவர் அதே எண்ணைத்தான் சொல்கிறாரா? உறை முழுமையாக இருக்கிறதா? முதல் கேள்விக்கே விடையில்லாத கலத்தை, மற்ற எண்கள் எவ்வளவு பெரியவையாயினும், வாங்காமல் விடுவதே அறிவுடைமை.

மின்வேதியியலிலும் நுகர்வோர் சட்டத்திலும் பணிபுரியும் நண்பர்கள் இதனை மேலும் விரித்துரைத்தால் மகிழ்வேன்.