மூன்று நிறம், ஒரே முடிவு: 'மாஸ் எஃபெக்ட் 3' சண்டையின் கதை

போன எபிசோடுல சொன்ன மாதிரியே, இன்னைக்கு ஒரு கேமோட கடைசிப் பத்து நிமிஷத்தைப் பற்றிப் பேசப்போறோம். கேம் 'மாஸ் எஃபெக்ட் 3'. வருஷம் 2012. முதல்லயே சொல்லிடறேன், இது முழுக்க ஸ்பாய்லர்தான். இனிமேதான் விளையாடணும்னு வெச்சிருக்கீங்கன்னா, இங்கயே நிறுத்திட்டு மூன்று பாகத்தையும் முடிச்சுட்டு வாங்க. நாங்க எங்கயும் போயிட மாட்டோம்.

2012 மார்ச் மாசம் கனடாவின் எட்மண்டன் நகரத்தில் இருக்கும் பயோவேர் அலுவலகத்துக்கு ஒரு பார்சல் போச்சு. உள்ளே 400-க்கும் மேற்பட்ட கப்கேக்குகள். மேல் க்ரீம் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம். எந்த நிறத்தைக் கடிச்சாலும் ருசி ஒண்ணுதான், வெனிலா. ரசிகர்கள் காசு திரட்டி அனுப்பியது. மூன்று முடிவு வெச்சீங்க, மூன்றும் ஒரே மாதிரிதானே இருக்கு என்பதுதான் அந்தப் பார்சல் கேட்ட கேள்வி. பயோவேர்காரங்க அதை இளைஞர்கள் தங்கும் ஒரு காப்பகத்துக்குக் கொடுத்துட்டாங்க.

ஒரு கேம் பிடிக்கலைன்னா மனுஷங்க திட்டுவாங்க, டிஸ்க்கை வித்துடுவாங்க. ஊர்கூடி கேக் அனுப்புற அளவுக்கு ஏன் போனாங்க? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

பேசும் தோழர்கள்

பயோவேர் 1995-ல் தொடங்கப்பட்ட கம்பெனி. தொடங்கிய ரே முசைக்கா, கிரெக் ஸெஷக், அகஸ்டின் யிப் மூன்று பேருமே படித்தது டாக்டருக்கு. 1998-ல் 'பால்டர்ஸ் கேட்' வெளிவந்தது. 2000-ல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில்தான் இந்தக் கம்பெனியின் முத்திரை சரியாக விழுந்தது. உங்களோடு பயணம் செய்யும் கதாபாத்திரங்கள் வெறுமனே வாள் வீசிவிட்டு நிற்க மாட்டார்கள். உங்களோடு பேசுவார்கள், தங்களுக்குள் சண்டை போடுவார்கள், உங்கள் முடிவு பிடிக்காவிட்டால் குழுவைவிட்டுப் போய்விடுவார்கள், காதலிக்கவும் செய்வார்கள். ஆணாக விளையாடினால் மூன்று காதல் கதைகள்; பெண்ணாக விளையாடினால் ஒன்றே ஒன்று. அந்தக் காலத்து நியாயம் அவ்வளவுதான்.

2003-ல் ஒரு 'ஸ்டார் வார்ஸ்' கேம், 2009-ல் 'டிராகன் ஏஜ்'. எல்லாவற்றிலும் இதே சூத்திரம். சண்டை முடிஞ்சதும் முகாமுக்குத் திரும்பி, ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், புதுசா ஏதாவது சொல்றாங்களான்னு பார்க்கிறது. பயோவேர் ரசிகர்கள்கிட்ட கேட்டா, பாதிப் பேர் அதுக்காகத்தான் விளையாடினோம்னு சொல்வாங்க.

2007 நவம்பரில் 'மாஸ் எஃபெக்ட்' முதல் பாகம் வந்தது. இயக்குநர் கேஸி ஹட்சன். நீங்கள் கமாண்டர் ஷெப்பர்ட். ஆணா பெண்ணா என்பது உங்கள் விருப்பம். நார்மண்டி என்ற விண்கப்பலின் தலைவர். எதிரிகள் ரீப்பர்கள், 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து வளர்ந்த நாகரிகங்களை அறுவடை செய்துவிட்டுப் போகும் ராட்சத இயந்திரங்கள்.

இந்தத் தொடர் கொடுத்த பெரிய வாக்குறுதி ஒண்ணு உண்டு. முதல் பாகத்தில் நீங்க சேமிச்ச ஃபைலை இரண்டாம் பாகத்துக்கும், அங்கிருந்து மூன்றாம் பாகத்துக்கும் எடுத்துட்டுப் போகலாம். விர்மையர் என்ற கிரகத்தில் ஆஷ்லி, கெய்டன் என்று இரண்டு தோழர்களில் ஒருத்தரைத்தான் காப்பாற்ற முடியும். யாரை விட்டுட்டு வந்தீங்களோ, அவர் அடுத்த இரண்டு பாகத்திலும் கிடையாது. ஐந்து வருஷம் அந்த முடிவோட நீங்க வாழணும்.

நட்பே முடிவைத் தீர்மானித்த பாகம்

2010 ஜனவரியில் இரண்டாம் பாகம். அடுத்து வந்த கோபத்துக்கு விதை இதுலதான் இருக்கு. ஏன்னா இதோட முடிவு அவ்வளவு நல்லா இருந்தது.

கதை ரொம்ப எளிமையானது. உயிரோடு திரும்ப வாய்ப்பில்லாத ஒரு தாக்குதலுக்கு ஆள் சேர்க்கிறீர்கள். கூடுதல் உள்ளடக்கத்தில் வந்தவர்களையும் சேர்த்தால் 12 பேர் வரை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொந்தப் பிரச்சினை. ஒருவருக்கு அப்பா பற்றிய உண்மை தெரியணும், இன்னொருவருக்குத் துரோகம் செய்த நண்பனைப் பழிவாங்கணும். அதைத் தீர்த்து வைத்தால் அவர்கள் விசுவாசம் கிடைக்கும். கடைசித் தாக்குதலில் யார் எந்த வேலைக்குச் சரிப்படுவார் என்று நீங்கள்தான் ஆள் பிரித்து அனுப்ப வேண்டும். கூடப் பேசாமல், அவர்களைத் தெரிந்துகொள்ளாமல் போனால் தப்பான ஆளை அனுப்புவீர்கள், சாவு விழும். எல்லோரும் பிழைக்கலாம். ஷெப்பர்டே செத்தும் போகலாம்.

அதாவது, தோழர்களோட பேசின அந்த மணிக்கணக்கான நேரம்தான் முடிவைத் தீர்மானிச்சது. இதை அனுபவிச்சவங்க மூன்றாம் பாகத்திலும் இதைவிடப் பெரிசா ஒண்ணு வரும்னு எதிர்பார்த்ததில் என்ன தப்பு? வெளியீட்டுக்கு முன் கொடுத்த பேட்டிகளில் கேஸி ஹட்சனும், முடிவுகளை ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்கு அவை மாறுபடும் என்ற தொனியில்தான் பேசியிருந்தார்.

மார்ச் 6, 2012

மூன்றாம் பாகத்தில் பெரும்பகுதி நல்ல வேலை. க்ரோகன் இனத்துக்கு ஒரு காலத்தில் மலட்டு நோயை உருவாக்கியவர்கள் விஞ்ஞானி மோர்டினின் இனத்தார். அதைப் பிற்பாடு மெருகேற்றியவர் மோர்டினே. இப்போது அதைச் சரிசெய்ய அவர் உயிரைக் கொடுக்கும் காட்சியை இன்றைக்கும் தொடரின் உச்சம் என்பார்கள். முந்நூறு ஆண்டுப் பகையாளிகளான குவேரியன்களுக்கும் அவர்கள் படைத்த கெத் இயந்திரங்களுக்கும் நடுவே, நீங்கள் முந்தைய பாகங்களில் செய்தவற்றைப் பொறுத்து, சமாதானம் செய்துவைக்கவே முடியும்.

ஆனா உறவுகள் விஷயத்தில் கீறல் அப்பவே விழுந்துடுச்சு. இரண்டாம் பாகத்தில் ஜேக்கப்பைக் காதலித்தவர்கள் மூன்றாம் பாகத்துக்கு வந்தால், அவர் வேறு ஒரு பெண்ணோடு வாழ்கிறார். தெய்னைக் காதலித்தவர்களுக்கு ஒரு மருத்துவமனைச் சந்திப்பும் ஒரு மரணமும் மிச்சம். டாலி இரண்டு பாகங்களாக முகமூடிக்குள்ளேயே இருந்தவள். அவளைக் காதலித்தவர்கள் ஐந்து வருஷம் காத்திருந்து பார்த்த முகம், இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் ஒரு மாடலின் புகைப்படத்தைக் கொஞ்சம் திருத்தியது. ஜேக்கப் கதை மாதிரியான முடிவை ஓர் எழுத்தாளர் வேணும்னே வைக்கலாம். அந்தப் புகைப்படத்துக்கு அப்படி ஒரு சாக்கும் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த முடிவு. குண்டடிபட்டு, ரத்தம் வழிய, ஷெப்பர்ட் மேலே போகிறார். அங்கே ஒரு சிறுவன் உருவத்தில் ஒரு செயற்கை அறிவு. அதுவரை கதையில் வராத பாத்திரம். இயந்திரங்கள் எப்போதும் தம்மைப் படைத்தவர்களை அழிக்கும், அதைத் தடுக்கத்தான் ரீப்பர்கள் என்கிறது. கொஞ்ச நேரம் முன்னாடிதான் கெத்துக்கும் குவேரியனுக்கும் சமாதானம் பண்ணி வெச்சீங்க. அதைச் சொல்லி வாதாட வாய்ப்பே கிடையாது. மூன்று வழி மட்டும்: ரீப்பர்களை அழி, கட்டுப்படுத்து, அல்லது உயிர்களையும் இயந்திரங்களையும் ஒன்றாகக் கலந்துவிடு. சிவப்பு, நீலம், பச்சை. எதைத் தொட்டாலும் அந்த நிறத்தில் ஓர் அலை, கிட்டத்தட்ட ஒரே காட்சிகள்.

அண்டத்தை இணைக்கும் ரிலேக்கள் வெடிக்கின்றன. 2011-ல் வந்த ஒரு கூடுதல் அத்தியாயத்தில், ரிலே ஒன்று வெடித்தால் அந்தச் சூரிய மண்டலமே அழியும் என்று இவர்களே காட்டியிருந்தார்கள். அப்படின்னா எல்லோரும் செத்துட்டாங்களா? பதில் இல்லை. பூமியில் உங்க பக்கத்திலேயே நின்று சண்டை போட்ட தோழர், திடீரென்று ஏதோ ஒரு காட்டுக் கிரகத்தில் விழுந்துகிடக்கும் நார்மண்டியிலிருந்து இறங்கி வருகிறார். எப்படி அங்கே போனார்? அதுக்கும் பதில் இல்லை. எல்லாம் முடிஞ்சதும் திரையில் ஒரு செய்தி: ஷெப்பர்ட் ஒரு காவியமாகிவிட்டார், டவுன்லோடு செய்யும் கூடுதல் உள்ளடக்கத்தின் மூலம் அதைத் தொடரலாம் என்ற அர்த்தத்தில். இழவு வீட்டில் பில் நீட்டின மாதிரி.

கோபம், தர்மம், புகார்

அடுத்த சில வாரம் நடந்தது பல விதம். ஒரு பக்கம், 'ரீடேக் மாஸ் எஃபெக்ட்' என்ற இயக்கம், மருத்துவமனைக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருட்கள் கொடுக்கும் 'சைல்ட்ஸ் ப்ளே' அறக்கட்டளைக்கு 80,000 டாலர் அளவில் திரட்டியது. அந்தப் பணம் புது முடிவு தயாரிக்கத்தான் போகிறது என்று சிலர் நினைத்துக்கொண்டதால் வசூல் நிறுத்தப்பட்டது. இன்னொரு பக்கம், ஒரு ரசிகர் அமெரிக்க வணிக ஆணையத்திடம் பொய் விளம்பரம் என்று புகார் கொடுத்ததாக அறிவித்தார். சிலர், கடைசிக் காட்சி முழுக்க ரீப்பர்கள் ஷெப்பர்டின் மூளையைக் குழப்பியதால் வந்த பிரமை என்று ஒரு கோட்பாடே கட்டினார்கள். யோசிச்சுப் பாருங்க, மோசமான முடிவை நம்ப மனசு வராம, அதைக் காப்பாத்த இவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க. நேராகவே வசைபாடியவர்களும் உண்டு. அதற்கு எந்த முடிவும் சாக்காகாது.

பத்திரிகைகளில் கிளம்பிய வாதம் வேறு: ஒரு கலைஞரின் முடிவை மாற்றச் சொல்ல ரசிகருக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வி புதுசே இல்லை. 1861-ல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் சோகமான முடிவை, அச்சாகும் முன்பே நண்பரான எழுத்தாளர் புல்வர் லிட்டனின் யோசனைப்படி மாற்றினார். 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்ற கானன் டாயில், பத்து வருஷம் கழித்து அவரை உயிரோடு கொண்டுவந்தார். கேம்களிலேயே, 2008-ல் வந்த 'ஃபால்அவுட் 3'-இன் முடிவு பிடிக்காத ரசிகர்களுக்காக, 2009-ல் வந்த கூடுதல் அத்தியாயம் கதாநாயகனைப் பிழைக்க வைத்தது. கலை என்பதால் யாரும் கைவைக்கவே கூடாது என்ற வாதம், கலையின் வரலாற்றைப் பார்த்தாலே நிற்காது.

ஆனா டிக்கன்ஸ் வாசகர்கிட்ட, பிப் யாரைக் கல்யாணம் பண்ணணும்னு நீங்க முடிவு பண்ணுங்கன்னு சொல்லலை. பயோவேர் சொன்னது. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

சரிசெய்தது என்ன?

மார்ச் 21-ல் ரே முசைக்கா ஒரு திறந்த கடிதம் எழுதினார். கலைஞர்களின் தேர்வுகளை மதிக்கிறோம், ரசிகர்கள் சொல்வதையும் கேட்கிறோம் என்பது அதன் சாரம். ஜூன் 26-ல் 'எக்ஸ்டெண்டட் கட்' இலவசமாக வெளிவந்தது.

அதில் எதை மாற்றினார்கள் என்று கவனியுங்கள். மூன்று வழியும் அப்படியே இருந்தன. நான்காவதாக, எதையும் ஏற்க முடியாது என்று மறுக்கும் வாய்ப்பு வந்தது. மறுத்தால் ரீப்பர்கள் ஜெயிக்கிறார்கள். ரிலேக்கள் சேதமாகும், ஆனால் சரிசெய்ய முடியும் என்று காட்டினார்கள். இதெல்லாம் தர்க்க ஓட்டையை அடைத்த வேலை.

மனசைத் தொட்டது மற்ற இரண்டு காட்சிகள். ஒன்று, அடிபட்ட தோழர்களை நார்மண்டியில் ஏற்றி அனுப்பும்போது ஷெப்பர்ட் தன் காதலருக்குச் சொல்லும் விடை. இன்னொன்று, கப்பலின் நினைவுச் சுவரில் ஷெப்பர்டின் பெயர்ப்பலகையைப் பதிக்க அந்தக் காதலர் வருவது. ஷெப்பர்ட் பிழைத்திருக்கக்கூடிய முடிவில், பலகையைப் பதிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்.

சிறுவன் சொன்ன தத்துவம் அப்படியேதான் இருந்தது. நிறங்களும் அப்படியே. இருந்தும் நிறையப் பேருடைய கோபம் தணிந்தது. அவங்க கேட்டது சந்தோஷமான முடிவுன்னு அப்போ பலர் கிண்டல் பண்ணாங்க. மோர்டின் சாவை அந்த ரசிகர்கள்தான் கொண்டாடினாங்க, சோகம் அவங்களுக்குப் பிரச்சினையே இல்லை. கூட வந்த மனுஷங்க கடைசிப் பத்து நிமிஷத்தில் காணாமப் போனதுதான் வலிச்சது. 2013 மார்ச்சில் வந்த 'சிட்டாடல்' அத்தியாயம் இதைப் புரிந்துகொண்டு செய்தது: பாதிக் கதை ஒரு பார்ட்டி. பழைய தோழர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் குடித்து, கிண்டலடித்து, விடிந்ததும் கிளம்புகிறார்கள். பல ரசிகர்கள் அதைத்தான் தங்கள் உண்மையான முடிவாக வைத்துக்கொண்டார்கள்.

2012 செப்டம்பரிலேயே முசைக்காவும் ஸெஷக்கும் ஓய்வு அறிவித்துவிட்டார்கள். 2021 மே மாதம் மூன்று பாகமும் 'லெஜண்டரி எடிஷன்' என்று புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, எக்ஸ்டெண்டட் கட்தான் இயல்பான முடிவாகச் சேர்க்கப்பட்டிருந்தது. டாலியின் புகைப்படமும் மாற்றப்பட்டது. அதனால இன்னைக்கு முதல்முறை விளையாடுறவங்களுக்கு, இவ்வளவு சண்டை எதுக்குன்னே சட்டுனு புரியாது.

பயோவேர் அடுத்த 'மாஸ் எஃபெக்ட்' செய்துகொண்டிருக்கிறது. 2020 டிசம்பரில் வந்த முன்னோட்டத்தில் வயதான லியாரா பனியில் ஒரு கவசத் துண்டைக் கண்டெடுத்துச் சிரிக்கிறாள். அந்தக் கதை மூன்று நிறத்தில் எதற்குப் பின் நடக்கிறது என்பதை அவங்க ஏதாவது ஒரு விதத்தில் சொல்லியாகணும். எந்த நிறத்தைச் சொன்னாலும், வேற நிறத்தைத் தொட்டவங்க இருக்காங்க.

நீங்க எதைத் தொட்டீங்க, கடைசியா யார்கிட்ட விடை சொன்னீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.