பழைய நிக்காஹ் தஃப்தர்களில் நம் குடும்ப வரலாறு



நம் பாட்டனாரின் பெயரை நாம் அறிவோம். அவருடைய தந்தையின் பெயரையும் ஒருவாறு அறிவோம். ஆனால் அவர்தம் துணைவியார் எந்த ஊரார், யாருடைய மகள் என்று கேட்டால் பல வீடுகளில் விடை கிடைப்பதில்லை. பழைய நிலப் பத்திரங்களும் வரி இரசீதுகளும் பெரும்பாலும் ஆண்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. மணமகள், அவருடைய தந்தை, வலி, சாட்சிகள் இருவர், மஹர் தொகை ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் எழுதி வைத்த ஏடு நிக்காஹ் தஃப்தரே ஆகும்.

இவ்வேடுகளைத் தேடுவோர் ஒரு சிறு வரலாற்றை அறிந்திருத்தல் நலம். காஜிகளை அரசாங்கம் நியமிக்கும் முறை 1864ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைவிடப்பட்டது. பின்னர் 1880இல் காஜிகள் சட்டம் இயற்றப்பட்டது; அது முதன்முதலில் நமது சென்னை மாகாணத்திற்கே உரியதாக இருந்தது. எனினும் அச்சட்டம் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதனையும் அளிக்கவில்லை. நிக்காஹ்வுக்குக் காஜி வந்தே தீரவேண்டும் என்றும் விதிக்கவில்லை. எனவே ஏடுகள் சில ஊர்களில் பள்ளிவாசலிலும், சில ஊர்களில் காஜி குடும்பத்தாரின் வீட்டுப் பெட்டியிலும் தங்கிவிட்டன. தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாருக்கும் திருமணப் பதிவு கட்டாயமானது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்கு முந்தைய தலைமுறையினரை அரசு அலுவலகத்தில் மட்டும் தேடுவோர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

தேதியைப் படிப்பதில் கவனம் தேவை. ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில். ஏறத்தாழ 33 ஹிஜ்ரி ஆண்டுகள் 32 ஆங்கில ஆண்டுகளுக்குச் சமம். மேலும், நம் வழக்கில் நாள் மஃக்ரிபில் தொடங்குவதால் "வெள்ளி இரவு" என்றிருந்தால் அது வியாழக்கிழமை மாலைக்குப் பின் வரும் இரவேயாகும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அவ்விடத்தில் வீட்டுப் பெயரும் சாட்சிகளின் பெயர்களுமே துணை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்வது வழக்கமாதலால், வீட்டைக் கொண்டு தேடுவோர் தாய்வழியையே பின்பற்ற வேண்டியிருக்கும்.

இனி, பலரும் விரைந்து புரட்டிவிடும் பக்கங்களுக்கு வருவோம். தலாக், குலா, மறுமணம் ஆகியவை பற்றிய பதிவுகளே அவை. குடும்பப் பெருமைக்கு இழுக்கு என்று கருதி இவற்றைப் பேசாமல் விடுவோர் உளர். அது சரியன்று என்பதே என் கருத்து. தலாக் வாய்மொழியாகவும் கடிதம் மூலமாகவும் நிகழ்ந்தமையால் பல வேளைகளில் அதற்குத் தனிப்பதிவே இராது. அப்பெண்ணின் இரண்டாவது நிக்காஹ் பதிவு ஒன்றே முதல் மணம் முடிந்ததற்குச் சான்றாக நிற்கும். மணமகள் விதவை என்று எழுதப்பட்டிருந்தால் மற்றொரு செய்தியும் கிட்டுகிறது. கணவரை இழந்தவரின் இத்தா நான்கு மாதம் பத்து நாள். அவர் கருவுற்றிருந்தால் பிரசவம் வரை. ஆகவே பொதுவாக, முதல் கணவர் அந்த நிக்காஹ் தேதிக்கு நான்கு மாதம் பத்து நாட்களுக்கு முன்பே வஃபாத்தாகி இருக்க வேண்டும். இறப்புப் பதிவே இல்லாத ஒருவரின் காலத்தை இவ்வாறு ஓரளவு கணித்துவிடலாம்.

இது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் மட்டுமன்று. பிள்ளைகளோ மகன்வழிப் பேரப்பிள்ளைகளோ, தந்தையோ தந்தைவழிப் பாட்டனாரோ இன்றி ஒருவர் இறந்தால், தாய் மட்டும் ஒத்த சகோதரரோ சகோதரியோ ஒருவர் இருப்பின் அவருக்குச் சொத்தில் ஆறில் ஒன்றும், ஒருவருக்கு மேற்பட்டோர் இருப்பின் அவர்கள் அனைவருக்குமாக மூன்றில் ஒன்றும் ஷரீஅத் அளித்த பங்காகும். தாயாரின் முதல் மணம் மறைக்கப்பட்டால் அப்பங்கும் அதனோடு மறைந்துவிடுகிறது.

கடல் கடந்த முன்னோருக்கும் இது பொருந்தும். பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா அடங்கிய ஜலசந்திக் குடியேற்றங்களில் 1880லேயே முஸ்லிம்களின் திருமணத்தையும் மணவிலக்கையும் பதிவதற்குச் சட்டம் செய்யப்பட்டது. இலங்கையில் 1886லும், பின்னர் விரிவாக 1951லும் சட்டங்கள் வந்தன. வாணிபத்திற்குச் சென்ற பாட்டனார் அங்கும் ஒரு குடும்பம் அமைத்திருந்தால், நம் ஊர் ஏட்டில் இல்லாத உடன்பிறப்புகளின் தடயம் அங்குள்ள பதிவுகளில் கிடைக்கக்கூடும்.

பழைய ஏடுகளுள் அரபுத் தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. அவ்வெழுத்தைத் தடையின்றிப் படிக்கும் பெரியவர்கள் குறைந்து வருகிறார்கள். பக்கங்களைப் படம் எடுப்பதோடு நில்லாமல், அவர்களை அருகில் அமர்த்தி ஒவ்வொரு வரியையும் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுதல் வேண்டும். மணவிலக்குக் குறிப்புகளை உரிய குடும்பத்தாருக்கு மட்டும் காட்டலாம். ஆனால் பிரதி எடுக்கும்போது ஓரத்தில் உள்ள குறிப்புகள் எவையும் விடுபடலாகாது.