படியளப்பவர் யார்? – கஞ்சித் தொட்டியிலிருந்து தானிய வங்கி வரை

2020 ஜூன் மாதம். போளூரிலிருந்து மலையேறி, ஜமுனாமரத்தூரையும் தாண்டி ஒரு வேனில் போனோம். அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் பாக்கெட். ஊரடங்கில் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் கூலிக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்த ஊர். நோட்டில் பெயர், குடும்ப அட்டை எண், கைநாட்டு, ஒரு பை. நாற்பது குடும்பத்துக்கும் ஒரு மணி நேரத்தில் கொடுத்து முடித்தாயிற்று. போட்டோவும் எடுத்தாயிற்று.

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போன ஓர் ஆயா, முறத்தில் சாமையோடு திரும்பி வந்தாள். ஒரு படி இருக்கும். “எடுத்துட்டுப் போங்க சாமி, வெறுங்கையா எறங்காதீங்க.” எங்களில் ஒருவர் பதறிப்போய், “ஐயோ வேணாம் ஆயா, நாங்க குடுக்கத்தான் வந்தோம், வாங்க வரல” என்றார். நானும் அதையேதான் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முறத்தோடு உள்ளே போனாள். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. எனக்கு அன்றைக்கு இதில் ஒன்றும் உறைக்கவில்லை என்பதுதான் நிஜம். நமக்கு எவ்வளவு நல்ல மனசு என்றுகூட வேனில் பேசிக்கொண்டு வந்தோம்.

கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே கொடை என்று மார்செல் மோஸ் 1925ல் எழுதினார். மூன்றில் முதலாவதை நாங்கள் எடுத்துக்கொண்டு மூன்றாவதை அவளுக்குத் தடுத்துவிட்டோம். அந்தத் தடுப்பின் பெயர்தான் ‘பயனாளி’. இந்தப் பயனாளியை உற்பத்தி செய்ததற்கு நம் மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பண்ணையாளுக்கு ஆண்டை களத்தில் கூலி நெல் அளந்தால் அது படியளத்தல். ஆண்டவன் உயிர்களுக்குச் சோறு போட்டாலும் படியளத்தல்தான். உழைத்ததற்கு வரவேண்டிய கூலியையும், கருணையால் வரும் சோற்றையும் ஒரே வினைச்சொல்லுக்குள் அடைத்துவைத்த மொழி இது. படி யார் கையில் இருக்கிறதோ அவனே சாமி.

தாது வருஷப் பஞ்சம் இந்தப் படியைச் சர்க்கார் கையில் கொடுத்தது. ஜவ்வாது மலை அன்றைய வட ஆற்காட்டுக்கும் சேலத்துக்கும் நடுவில் கிடந்தது. சேலம் ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 66 ஆயிரம் பேர். 1881ல் 16 லட்சத்துக்கும் கீழே. நடுவில் இருந்தது 1876–78. 1877 ஜனவரியில் வைஸ்ராயின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியை வெட்டினார். மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு ஒரு பவுண்டு! சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்து விடாமல் எழுதினார். சில மாதங்களில் அளவு கூட்டப்பட்டது. இந்தச் சண்டையை மனிதாபிமானிக்கும் கல்நெஞ்சனுக்கும் நடந்ததாக மட்டும் படித்தால் போதாது. பசித்த உடம்பு எவ்வளவு இருந்தால் சாகாது என்று அளக்கும் அறிவு ஒன்று இங்கே பிறக்கிறது. இருவருமே அந்த அறிவுக்குள் நின்றுதான் பேசினார்கள். உடம்புக்கு உரியவனை யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது. உணவு இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, உணவின்மேல் உரிமை அறுந்துபோவதால் வருகிறது என்று அமர்த்தியா சென் 1981ல் விளக்கியதைத் தாது வருஷத்துக்காரர்கள் செத்துக்காட்டியிருந்தார்கள்.

நன்கொடை 1877 ஆகஸ்டில் வந்தது. கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு லண்டன் மேயருக்கு முறையிட, மேன்ஷன் ஹவுஸ் நிதி என்ற பெயரில் பல லட்சம் பவுன் திரண்டது. வைஸ்ராய் லிட்டனுக்கு இந்த முறையீடு பிடிக்கவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: உயிரைக் காப்பது சர்க்கார் பொறுப்பு, துணி, அநாதைக் குழந்தைகள், மாடு, விதை, கூரை ஆகியவை நன்கொடையின் பொறுப்பு. காகிதத்தில் பார்த்தால் இன்றைய பல தொண்டமைப்புகளைவிடத் தெளிவான பிரிவினை இது. சர்க்கார் தன் பங்கை எப்படிச் செய்தது என்பதற்கு 1881 கணக்கெடுப்பே சாட்சி.

இதற்குப் பத்து வருஷம் முன்பே, 1867 மே 23ல், வடலூரில் இராமலிங்கர் தருமசாலை அடுப்பை மூட்டியிருந்தார். பார்வதிபுரத்து ஜனங்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அங்கே பசிதான் நுழைவுச் சீட்டு. சாதியோ உழைப்போ கேட்கப்படவில்லை. சர்க்கார் கூலி கேட்டுச் சோறு போட்டதற்கு இது நேர் எதிர்நிலை. சரியாக நூறு வருஷம் கழித்து, 1967ல், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்குகிறார். கடைகள் கொட்டிய குப்பையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பொறுக்கிய ஒரு தாய், பணத்துக்கு இருப்பதுபோல் சாப்பாட்டுக்கும் ஒரு வங்கி இருந்தாலென்ன என்று கேட்டதில் பிறந்த யோசனை அது. யோசனை பசித்தவளுடையது. வங்கி என்றால் போடவும் எடுக்கவும் ஒரே ஆளுக்கு உரிமை இருக்கவேண்டும். உலகம் முழுக்கப் பரவியதோ ஒரு கூட்டம் போட இன்னொரு கூட்டம் எடுக்கிற வங்கி.

நன்கொடை உரிமையாக மாறிய இடமும் நம்மிடம் உண்டு. காமராஜரின் மதிய உணவு 1956ல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது ஊராரின் அரிசியையும் விறகையும் நம்பித்தான் நின்றது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கேட்டார். 1957ல் அரசு மானியம் வந்தது: ஒரு சாப்பாட்டுக்குப் பத்து காசு, ஆறு அரசு, நாலு உள்ளூர். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவை நாட்டின் எல்லா அரசு, அரசு உதவிபெறும் ஆரம்பப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கியது. நாலு காசு கொடுத்த ஊர் அந்தச் சோற்றைத் தன்னுடையது என்று நினைத்தது. அதனால்தான் அதை நிறுத்த எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். ரொம்பவும் மெச்சவேண்டாம், அந்த ‘ஊர்’ என்பதற்குள் சேரி வருமா? தலித் பெண் சமைத்தால் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று 2018ல்கூட அவிநாசிப் பக்கம் ஊர் நின்றது.

மலைக்குத் திரும்புவோம். மூங்கிலில் பின்னிச் சாணம் பூசிய தொம்பையில்தான் சாமை இருக்கும். விதை தீர்ந்தவன் பக்கத்து வீட்டில் வாங்கி, அறுப்பு முடிந்ததும் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தருவான். 1996–97ல் மத்திய அரசு பழங்குடிப் பகுதிகளுக்கென்று கொண்டுவந்த கிராம தானிய வங்கித் திட்டம், குடும்பத்துக்கு ஒரு குவிண்டால் வரை கடன் என்று இதே பழக்கத்தை விதியாக எழுதியது. இரண்டுக்கும் வித்தியாசம் சாவி. தொம்பைக்குப் பூட்டு கிடையாது. திட்டத்தின் கிட்டங்கிக்கு உண்டு; அந்தச் சாவி ஊரில் இருந்தால் வங்கி, அலுவலகத்தில் இருந்தால் இன்னொரு கஞ்சித் தொட்டி. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் விலையில்லா அரிசி மலைக்கும் வந்தது. நல்லதுதான், பட்டினியைத் தடுத்தது. கூடவே சாமைக்கு இருந்த இடத்தையும் அரிசி பிடித்துக்கொண்டது. 2023ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ கேழ்வரகு தந்து பார்த்தார்கள்; அதில் சாமை இல்லை. சோறு மட்டும் போதுமென்றால் 2015 ஏப்ரல் 7ல் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் சித்தேரி மலைக்காரர்களும் இருந்திருக்கமாட்டார்கள். செம்மரம் வெட்டப் போனவனுக்குத் தேவைப்பட்டது காசு. அவன் நிலத்தில் விளைந்ததற்கு விலை வைத்தவன் கீழே உட்கார்ந்திருந்தான்.

அப்படியானால் மூட்டை தூக்கிக்கொண்டு போகக் கூடாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். போகத்தான் வேண்டும், பசி கோட்பாடு முடிகிறவரை காத்திருக்காது. 2021 மே மாதம், இரண்டாவது அலையில், மறுபடி போனோம். இந்தத் தடவை நோட்டில் இன்னொரு கட்டம் போட்டோம்: ‘தந்தது’. இதற்கே எங்கள் குழுவில் பெரிய சண்டை. ஏழைகளிடம் வாங்குவதா என்று இரண்டு பேர் விலகிவிட்டார்கள். அந்த ஆயா இருந்தாள். முன்பு நடந்ததை நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. “இப்ப வாங்குவீங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஊரில் சேர்ந்தது அரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவான சாமை. அதைக் கீழே கொண்டுவந்து, நாங்கள் நடத்திய சமையல்கூடத்தில் வடநாட்டுக் கட்டடத் தொழிலாளர்களுக்குப் பொங்கினோம். எங்களில் ஒருத்தருக்கும் சாமைக்குத் தண்ணீர் அளவு தெரியவில்லை. முதல் நாள் களியாகப் போயிற்று. மறுநாள் மலைக்குப் போன் போட்டுக் கேட்டோம்.