ஹௌ டு ப்ளே ஃபுட்பால்

ஹௌ டு ப்ளே ஃபுட்பால் என்பது அமெரிக்கக் கால்பந்தைப் பகடி செய்து வால்ட் டிஸ்னி நிறுவனம் 1944-இல் வெளியிட்ட, கூஃபி என்னும் நாய்ப் பாத்திரத்தை மையமாகக் கொண்ட வண்ணக் கேலிச்சித்திரக் குறும்படம் ஆகும். ஜாக் கின்னி இயக்கிய இப்படம், 1942-இல் வெளிவந்த கூஃபியின் பேஸ்பால் குறும்படத்தை அடியொற்றி, விளையாட்டைக் கற்பிக்கும் செய்முறைப் படங்களின் தோரணையைப் போலி செய்யும் வகையைச் சேர்ந்தது.

டாக்ஸிடெர்மி டெக், ஆந்த்ரபாலஜி ஏ அண்ட் எம் என்னும் கற்பனைக் கல்லூரிகள் மோதும் ஆட்டத்தில் இரு அணியினரும் பயிற்றுநரும் கூஃபியின் உருவிலேயே தோன்றுகின்றனர். வர்ணனையாளர் விதிகளை நிதானம் தவறாமல் விளக்கிக்கொண்டிருக்க, பந்தைப் பற்றியவர்மேல் ஆட்டக்காரர்கள் குவியலாய் விழுந்து அவ்விளக்கத்தைப் பொய்யாக்குவதே நகைச்சுவையின் அடிப்படை. பாத்திரத்தைப் பேசவிடாமல் வர்ணனையை முன்னிறுத்தும் இவ்வுத்தி, கூஃபிக்குக் குரல் கொடுத்த பின்டோ கால்விக் நிறுவனத்தைவிட்டு விலகியிருந்த காலத்தில் வேரூன்றியதாகும். குரல் இல்லாத குறையை ஈடுசெய்ய வந்த ஏற்பாடே கூஃபியின் இவ்விளையாட்டுக் குறும்பட வரிசையின் தனிச்சிறப்பாயிற்று எனலாம்.

சிறந்த கேலிச்சித்திரக் குறும்படத்துக்கான அகாதமி விருதுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. விருதை டாம் அண்ட் ஜெர்ரி வரிசையின் மவுஸ் டிரபிள் பெற்றது. இதே வரிசையில் பனி ஹாக்கியைப் பகடி செய்யும் ஹாக்கி ஹோமிசைட் 1945-இல் இதே இயக்குநரால் எடுக்கப்பட்டது.